ஆடியில் விதை, தை வரை காய்கறி



அரிசி கழுவிய தண்ணீர், காய் அலசிய தண்ணீர், பாத்திரம் விளக்கிய தண்ணீர், குளித்த தண்ணீர். இத்தனையும் தினந்தோறும் நம் வீட்டுக் கொல்லையில் ஓடுகிறது. ஓடி எங்கே போகிறது? சந்தில் தேங்கிச் சேறாகிறது. கொசுவுக்குக் குடியிருப்பாகிறது.

அதே வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பாருங்கள். மத்தியானம் புளிக்குழம்பு. ராத்திரியும் அதே குழம்பு. சந்தை வாரத்துக்கு ஒரு நாள். வாங்கி வந்த காய் மூன்று நாளில் தீர்ந்துவிடும். மீதி நான்கு நாள் வெறும் குழம்புதான்.

அந்தத் தண்ணீரையும் இந்தச் சட்டியையும் ஒன்று சேர்ப்பதுதான் வீட்டுத் தோட்டம். அதற்கு அதிகப் பணம் வேண்டாம். கொஞ்சம் விதையும், புருஷன் பெண்சாதி இருவரும் உட்கார்ந்து போடும் ஒரு திட்டமும் போதும்.

திண்ணையில் ஒரு பேச்சு

ஆடி மாதம். ஒரு வீட்டில் மனைவிக்கு நாலாவது மாதம் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9 என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறார்.

கணவர்: வாங்க நர்சம்மா, உக்காருங்க. சீட்டுல ஒம்பதுன்னு போட்டிருக்காங்களே, அது ரொம்பக் குறைச்சலா?

செவிலியர்: ஆமா தம்பி. மாசமா இருக்கிறவங்களுக்கு 11-க்குக் குறையக் கூடாது. குறைஞ்சா அது ரத்த சோகை. 7-க்கும் கீழே இறங்கிட்டா ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் பார்க்கணும். உங்க வீட்டம்மாவுக்கு அவ்வளவு இறங்கலே. இப்பவே கவனிச்சா சரி பண்ணிடலாம்.

மனைவி: எனக்கு ஒண்ணும் பெரிசாத் தெரியலே நர்சம்மா. குடம் தூக்கினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்னு அத்தை சொன்னாங்க.

செவிலியர்: அப்படின்னு விட்டுடக் கூடாதும்மா. பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகும். உடம்புல ரத்தம் இருக்கிறவ தாங்குவா. இல்லாதவ தாங்க மாட்டா. மாத்திரையை டாக்டர் எழுதினபடி விடாமப் போடு. அதோட சாப்பாட்டையும் பார்க்கணும். நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டே?

மனைவி: சோறும் கத்தரிக்காய்க் குழம்பும்.

செவிலியர்: உன் தட்டுல எத்தனை துண்டு காய் விழுந்துச்சு?

மனைவி: அவருக்கு, அத்தைக்கு, பையனுக்கு வெச்சது போக குழம்புதான் இருந்துச்சு.

கணவர்: இது எனக்குத் தெரியாதே! நீ சொல்லவே இல்லையே.

மனைவி: கேட்டாத்தானே சொல்றதுக்கு?

செவிலியர்: சரி, கேட்டாச்சு, சொல்லியாச்சு. தம்பி, கொல்லையில எவ்வளவு இடம் இருக்கு?

கணவர்: ஒரு சென்ட்டு தேறும். நெருஞ்சி முளைச்சுக் கிடக்கு.

செவிலியர்: அது போதும். தை மாசம் பிரசவம். இந்த வாரம் விதை போட்டா ஆவணியிலேயே கீரை அறுக்கலாம். அதுக்கப்புறம் தை வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். எதை எப்பப் போடணும்கிறதை மட்டும் முதல்லயே யோசிச்சுக்கணும்.

இது ஏதோ ஒரு வீட்டுச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 100 கர்ப்பிணிகளில் 48 பேருக்கும், 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 57 பேருக்கும் இரத்த சோகை இருந்தது. ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு. உங்கள் வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

முதலில் இடத்தை அளந்து பங்கு போடுங்கள்

நாளெல்லாம் வெயில் விழும் இடமாக இருக்கவேண்டும். கிணற்றடிக்கோ குழாயடிக்கோ பக்கமாக இருந்தால் தண்ணீர் தானே பாயும். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. கிழமேல் 22 அடி, தென்வடல் 20 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியால் தரையிலேயே கோடு கிழித்துப் பங்கு போடலாம்.

வடக்கு ஓரம் 4 அடியை மரங்களுக்கு விடுங்கள். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி. மரம் வடக்கே நின்றால் அதன் நிழல் பாத்தி மேல் அதிகம் விழாது.

வேலி ஓரம் கொடிகளுக்கு. பாகல், பீர்க்கு, புடல், அவரை இவற்றை வேலியிலேயே ஏற்றிவிடலாம். தனியாகப் பந்தல் போட வசதி இல்லாதவர்களுக்கு இது சௌகரியம்.

நடுவில் உள்ள இடத்தில் 4 அடி அகலம், 14 அடி நீளத்தில் நான்கு பாத்திகள் போடுங்கள். பாத்திக்குப் பாத்தி ஒரு அடி நடைபாதை. அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நீட்டினால் நடுப்பாத்தி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும்.

முதல் பாத்தி: கீரை.
இரண்டாம் பாத்தி: கத்தரி. 2 அடிக்கு ஒன்றாக 14 செடி.
மூன்றாம் பாத்தி: பாதியில் தக்காளி 10 செடி, பாதியில் மிளகாய் 10 செடி.
நான்காம் பாத்தி: பாதியில் வெண்டை, பாதியில் கொத்தவரை.

ஆட்டையும் கோழியையும் மறந்துவிடாதீர்கள். விதைப்பதற்கு முந்தியே வேலியை அடைத்துவிட வேண்டும். ஒரு மாதம் வளர்த்த நாற்றை ஒரு ஆடு ஒரு நொடியில் முடித்துவிடும்.

கொத்துவது கணவர் வேலை

மண்ணை ஒரு அடி ஆழம் கொத்திக் கிளறி, கல், வேர், கோரைக் கிழங்கைப் பொறுக்கிவிட்டு, நாலைந்து நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு நன்றாக மக்கிய எருவைக் கொட்டிக் கலக்குங்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போடாதீர்கள். அது சூடு கிளப்பி இளவேரைக் கருக்கும், வண்டுப் புழுவையும் கூட்டி வரும். பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும்.

கொத்துவதும் எருச் சுமப்பதும் தண்ணீர் இறைப்பதும் ஆண்பிள்ளை செய்யவேண்டிய வேலை. மாசமாக இருப்பவள் கூடை தூக்கக் கூடாது. விதை பிரிப்பது, நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பது, காய் பறிப்பது இவை அவள் உட்கார்ந்து செய்யத் தக்கவை.

தோட்டத்தில் இறங்கும்போது இருவரும் காலில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சு இருக்கும். வெறுங்கால் தோல் வழியாக உள்ளே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோகையைப் போக்கத் தோட்டம் போட்டு, அந்தத் தோட்டத்திலிருந்தே சோகையைக் கொண்டுவரலாமா? அதனால்தான் கொல்லையில் யாரும் வெளிக்குப் போகக் கூடாது, கழிப்பறைத் தொட்டித் தண்ணீரும் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லுகிறோம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

விதையைப் பார்த்து வாங்குங்கள்

உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ, நம்பிக்கையான கடையிலோ வாங்கலாம். அடுத்த வருஷத்துக்கும் விதை எடுத்து வைக்க நினைப்பவர்கள் வீரிய ஒட்டு விதையைத் தவிர்த்து, சாதாரண ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளி, பாலூர் 1 கத்தரி, அர்கா அனாமிகா வெண்டை, வெட்ட வெட்டத் துளிர்க்கும் கோ 3 கீரை ஆகியவை நம் பக்கத்துக்கு ஏற்றவை. முருங்கையில் பி.கே.எம்.1 என்ற ரகத்தைப் பெரியகுளத்திலிருந்து 1989-ல் வெளியிட்டார்கள். கொம்பு வெட்டி நட வேண்டியதில்லை. விதை போட்டாலே ஆறு மாதத்தில் காய்க்கும்.

பக்கத்து வீட்டில் வாங்கிய விதை, போன வருஷத்து விதை என்றால் முளைக்குமா என்று பார்த்துவிடுங்கள். 20 விதையை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி வைத்து, துணி காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். கீரையும் வெண்டையும் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம் வரை பொறுக்கவேண்டும். 15-க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 10 முளைத்தால் இரட்டிப்பாகப் போடுங்கள். 5 கூடத் தேறவில்லையானால் வேறு விதை தேடுங்கள். ஒரு மாதம் காத்திருந்து ஏமாறுவதைவிட ஒரு வாரம் சோதிப்பது மேல்.

ஒரு எச்சரிக்கை! கடை விதை சிவப்பு, பச்சை என்று சாயம் பூசினாற்போல் இருந்தால் அது மருந்து கலந்த விதை. மீந்ததைச் சமைக்கக் கூடாது, கோழிக்கும் போடக் கூடாது. குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, விதைத்த பின் கையை நன்றாகக் கழுவவேண்டும்.

விதை போடும் முறை மூன்று

ஒன்று, நேரே பாத்தியில் போடுவது. கீரை, வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி இந்த வகை. விதையை அதன் கனத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காதீர்கள். வெண்டை விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு முழத்துக்கு ஒரு வரிசையாக, வரிசைக்குள் ஒரு அடிக்கு ஒரு குத்தாக, குத்துக்கு இரண்டு விதை போடுங்கள். முளைத்த பின் நோஞ்சானைக் கிள்ளிவிட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். கொத்தவரையை அதே வரிசையில் அரை அடிக்கு ஒன்றாகப் போடலாம்.

கீரை விதை பொடி விதை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் விழும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு கை மணலோடு கலந்து தூவி, மேலே லேசாகக் கையால் தடவிவிட்டால் போதும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவிவிட்டால் எறும்பு அந்தப் பக்கம் போய்விடும்.

கீரைப் பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள்! இதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் முற்றும். ஒரு வாரம் கீரையைத் தெருவுக்கே கொடுப்பீர்கள், மறுவாரம் ஒரு கட்டுக் கீரைக்குச் சந்தைக்கு நடப்பீர்கள். பாத்தியை நான்கு துண்டாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு துண்டு விதையுங்கள். நாலாம் துண்டை விதைத்து ஒரு வாரத்துக்குள் முதல் துண்டு அறுப்புக்கு வந்துவிடும். அறுத்ததும் எருப் போட்டு அதை மறுபடி விதையுங்கள். இப்படிச் சுற்றி வந்தால் எந்த வாரமும் கீரை இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு, நாற்று விட்டு நடுவது. கத்தரி, தக்காளி, மிளகாய், பப்பாளி இந்த வகை. மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்து, 3 அடிச் சதுரத்தில் மேட்டுப்பாத்தி கட்டுங்கள். பழைய கூடை, உடைந்த பானை இருந்தாலும் அடியில் ஓட்டை போட்டு அதிலேயே நாற்று விடலாம். விரலால் அரை அங்குல ஆழத்துக்குக் கோடு கிழித்து, விதையைப் பரவலாகப் போட்டு மூடி, மேலே வைக்கோல் பரப்புங்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும், மறந்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். அடியில் ஆணியால் துளைத்த டப்பாவில் தண்ணீர் மொண்டு மழைபோல் தெளியுங்கள். சொம்பால் ஊற்றினால் விதை மிதந்து ஓடும்.

தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 40 முதல் 45 நாளிலும் பிடுங்கி நடலாம். சாயங்காலத்தில் நடுங்கள். மூன்று நாளைக்கு ஓலை மட்டையோ வேப்பங்கொத்தோ குத்தி நிழல் கொடுங்கள்.

மூன்று, குழியில் போடுவது. கொடி வகை எல்லாம் இப்படித்தான். வேலி ஓரமாக 6 அடிக்கு ஒரு குழி, ஒரு முழ நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, ஊறவைத்த விதை நாலு போட்டு, முளைத்ததில் நல்லதாக இரண்டை விடுங்கள். பாகல் விதை தோல் கெட்டியானது. ஒரு பகல் ஒரு இரவு ஊறட்டும்.

எது எப்போது வரும்?

ஆடி முதல் வாரத்தில் விதை போட்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

ஆவணி: கீரை. 25 முதல் 30 நாளில் முதல் அறுப்பு. மாதக் கடைசியில் முள்ளங்கி.
புரட்டாசி: வெண்டை, கொத்தவரை. வெண்டை 45 நாளில் தொடங்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கவேண்டும். பீர்க்கு, புடல், பாகல் பிஞ்சு விடும்.
ஐப்பசி: தக்காளி, கத்தரி. முருங்கைக் கன்று இடுப்பளவு வந்து நுனி கிள்ளியிருப்பீர்கள், அந்த இலையும் கறிக்கு ஆகும்.
கார்த்திகை: பச்சை மிளகாய், கத்தரி, கொடிக் காய்கள்.
மார்கழி: பந்தல் அவரை, முருங்கைக் கீரை.
தை: முருங்கைக்காய் தொடக்கம். பிரசவமும் அப்போதுதான்!

ஆடியில் தவறவிட்டவர்கள் தைப்பட்டத்தில் தொடங்கலாம். அப்போது போட்ட செடிக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

தண்ணீரை வழி திருப்புங்கள்

அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை நேரே கீரைக்கும் காய்கறிக்கும் விடலாம். குளித்த தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, ஓரத்தில் இரண்டு வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கீரை மேல் ஊற்றவேண்டாம். காலையிலோ மாலையிலோ வேர்ப்பக்கம் ஊற்றினால் போதும். பாத்தி மேல் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

எங்கேயும் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியை மூடி வையுங்கள். வாரத்துக்கு ஒரு தரம் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். தேங்காய்த் தொட்டி, உடைந்த சட்டியைக் கவிழ்த்துப் போடுங்கள். டெங்குக் கொசு முட்டையிட இத்துனூண்டு தண்ணீர் போதும்.

பூச்சி வந்தால்

காலையில் தோட்டத்தைச் சுற்றி வரும்போதே இலைக்கடியில் பாருங்கள். புழுவைக் கையால் எடுத்துவிடலாம். அசுவினி ஒட்டியிருந்தால் பனி ஈரத்தில் சாம்பலைத் தூவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளித்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், மற்றது பிழைக்கும்.

வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று வீட்டுத் தோட்டத்தில் அடிக்காதீர்கள்! மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதென்று 2005-லேயே தடை செய்தார்கள். நாளைக்கு உங்கள் குழந்தை தின்னப் போகும் இலை அது.

சட்டியிலும் தட்டிலும்

கீரையை முதலில் அலசுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். மூடி வைத்து, வெந்ததும் இறக்குங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் இரசத்தில் சேர்க்கலாம். கீரை, பப்பாளி, பரங்கி இவற்றில் உள்ள வைட்டமின் ஏ சத்து எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். கண்பார்வைக்கு நல்லது.

கீரையில் உள்ள இரும்புச் சத்தில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தாலோ, நெல்லிக்காய் சேர்த்துச் சாப்பிட்டாலோ கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காப்பி குடித்தால் அந்தச் சத்தை அது தடுத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு சென்ட் என்ன, ஒரு ஏக்கர் தோட்டம் போட்டாலும், வீட்டுக்காரி கடைசியில் உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டால் அவளுக்குச் சோகை தீராது. காயைப் பங்கிடும்போது அவள் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். இதை அவளே செய்யக் கூச்சப்படுவாள். கணவர்தான் செய்யவேண்டும். மாமியாரும் சேர்ந்து செய்தால் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வராது.

நீங்கள் கேட்பவை

கேள்வி: தோட்டத்துக் கீரை தினமும் சாப்பிடுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. கீரை மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் ஆகாது. சோகை இல்லாத கர்ப்பிணிக்கும் நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இரும்புச் சத்து மாத்திரை உண்டு. சோகை இருந்தால் டாக்டர் கூட்டிக் கொடுப்பார். மலம் கறுத்துப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையால் வருவது. கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் போடாதீர்கள்.

கேள்வி: பீர்க்கு நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துபோகிறது. ஏன்?

பதில்: கொடி வகையில் முதலில் பூப்பது பெரும்பாலும் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு ஒட்டியிருக்கும். அதுவும் உதிர்ந்தால் வண்டு, தேனீ வரவில்லை என்று பொருள். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும், பாகற்பூ காலையில் விரியும். அந்த நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: எங்களுக்குக் கொல்லையே இல்லை. என்ன செய்வது?

பதில்: மண்ணும் எருவும் நிரப்பிய சாக்கு நாலு, பழைய பக்கெட்டு இரண்டு. இரண்டு சாக்கில் கீரை, மற்ற இரண்டில் கத்தரி, பக்கெட்டில் தக்காளியும் மிளகாயும். அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். கூரை ஓரத்தில் ஒரு புடல் அல்லது அவரை போட்டுக் கூரை மேலேயே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: அடுத்த வருஷமும் அதே இடத்தில் கத்தரியே போடலாமா?

பதில்: வேண்டாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த நோய் மண்ணில் தங்கி அடுத்ததற்கும் வரும். அந்த இடத்தில் கொத்தவரையோ கீரையோ போட்டு, பாத்தியை மாற்றி மாற்றி வாருங்கள்.

விதைக்கு நாலு காய் விடுங்கள்

நல்ல செடியாகப் பார்த்து ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதில் நாலு காயைப் பறிக்காமல் விடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்கவேண்டும். வெண்டை செடியிலேயே காய்ந்து நெற்றாகவேண்டும். தக்காளிப் பழத்தைப் பிசைந்து ஒரு நாள் வைத்து, வழவழப்புப் போகக் கழுவிக் காயவையுங்கள். கடித்தால் மடக்கென்று உடையும்படி காய்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து சீசாவில் போட்டு இறுக மூடி, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த ஆடிக்கு இந்த விதைகளுக்காகக் கடைக்குப் போகவேண்டாம்.

அந்த ஆடி வரும்போது தையில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கும். அதுவரை தாய்ப்பால் மட்டுமே உணவு. இனிமேல் தாய்ப்பாலோடு மசித்த சோறும், பருப்பும், காயும் ஊட்டவேண்டும். போன ஆடியில் விதை போட்ட பப்பாளி பழுக்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். மரத்தில் பழுத்ததைப் பறித்து, கையைக் கழுவி, தோல் சீவி, மசித்து ஒரு கரண்டி ஊட்டுங்கள்.

நினைவில் வையுங்கள்!

வேலி அடைத்த பிறகே விதை.
கீரையை வாரம் ஒரு துண்டாக விதை.
தோட்டத்தில் காலுக்குச் செருப்பு, வேலை முடிந்தால் கைக்குச் சோப்பு.
கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.
காய் பங்கிடும்போது தாய்க்கு முதல் பங்கு.

இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். இன்று சாயங்காலம் புருஷனும் பெண்சாதியுமாகக் கொல்லைக்குப் போய், ஒரு குச்சி எடுத்து முதல் கோட்டைக் கிழியுங்கள்.